பற்றறியையும் மாத்தி ஓல்ரனேற்றரையும் மாத்தின பிறகும் கார் சார்ஜ் ஏறேல்லை எண்டால்

கார் பற்றறி ஒழுங்காச் சார்ஜ் ஏறேல்லை எண்டு சொன்னால் கேக்கிற எல்லாரும் ஒரே மாதிரித்தான் சொல்லுவினம், முதல் பற்றறியை மாத்துங்கோ, அதுக்கும் சரிவரேல்லை எண்டால் ஓல்ரனேற்றரை, அதாவது எஞ்சின் ஓடேக்கை கரண்ட் உற்பத்தி செய்து பற்றறிக்குச் சார்ஜ் ஏத்துற சாமானை, மாத்துங்கோ. நான் ரெண்டையும் மாத்தினன். பற்றறி 34,000, ரீகண்டிஷன் ஓல்ரனேற்றர் 28,000, கூலி 4,500, எல்லாம் சேத்து 66,500 ரூபா. அதுக்கு மேல அம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போக ஓட்டோவுக்குக் குடுத்த காசு வேற. கடைசியில பிழை கிடந்தது பற்றறி நெகட்டிவை எஞ்சின் பக்கத்தோட இணைக்கிற ஒரு ஏர்த் வயரில, புது வயர் போட முடிஞ்சது 1,900 ரூபா. இதை யாரும் எனக்கு முதலே சொல்லியிருந்தால் அந்த மாரி முழுக்க நான் அழுதுகொண்டு திரிஞ்சிருக்க மாட்டன். அதுதான் நடந்ததை நடந்த மாதிரியே எழுதிறன், உங்களில ஒராளுக்காவது உதவட்டும்.

எங்கட வீடு யாழ்ப்பாணம் கொழும்புத்துறையில, கடற்கரைப் பக்கம். இவர் கட்டாரில வேலை, வீட்டில நானும் அம்மாவும்தான். நான் பள்ளிக்கூடத்தில விஞ்ஞானம் படிப்பிக்கிறன். கார் பழைய கொரோலா 110, அப்பா இருக்கேக்கை வாங்கினது. 2020 மார்ச்சில வாகன இறக்குமதியை நிப்பாட்டின பிறகு 2025 பெப்ரவரி வரைக்கும் புதுக் கார் எண்ட கதையே இல்லை, பழைய காருகளின்ர விலையும் எங்கேயோ போட்டுது, அதால இருக்கிறதை வடிவாய் வைச்சிருக்கிறதைத் தவிர எங்களுக்கு வேற வழி இல்லை. அம்மாவுக்கு இதய வருத்தம், இரவில எந்த நேரமும் கார் தேவைப்படலாம். கார் விடியக் காலமை ஸ்ராட் ஆகுமோ ஆகாதோ எண்ட யோசினையோட படுக்கிறது எப்பிடியெண்டு வருத்தக்காரரை வீட்டில வைச்சிருக்கிற ஆக்களுக்கு விளங்கும்.

முதல் கண்டது என்னெண்டால், காலமையில செல்ஃப் (எஞ்சினைச் சுத்தித் தொடக்கிற மோட்டர்) அடிக்கேக்கை எஞ்சின் கஷ்டப்பட்டுச் சுத்தும், ஸ்ராட் ஆகிடும், ஆனால் அந்தச் சத்தம் சோம்பலாய் இருக்கும். இரவில லைற்றைப் போட்டு ஏசியும் போட்டால் டாஷ்போட் வெளிச்சம் கொஞ்சம் மங்கும். ஆனால் டாஷ்போட்டில இருக்கிற அந்தச் சிவப்புப் பற்றறி லைற் ஒருக்காலும் எரியேல்லை. சாவியைத் திருப்ப எரியும், ஸ்ராட் ஆனதும் நூரும், எல்லாம் முறைப்படிதான். கராச்சில அண்ணை அதைப் பாத்திட்டு "லைற் நூருது தானே தங்கச்சி, சார்ஜிங் ஓகே, பற்றறிதான் செத்துப்போச்சு, மாத்துங்கோ" எண்டார். இந்த இடத்தை எல்லாரும் கவனிக்க வேணும். அந்த லைற் பாக்கிறது ஓல்ரனேற்றரை. ஓல்ரனேற்றர் கரண்ட் உற்பத்தி செய்யுதோ எண்டதுதான் அதுக்குத் தெரியும், உற்பத்தியான கரண்ட் பற்றறிக்கு வந்து சேருதோ எண்டது தெரியாது. ரெண்டுக்கும் நடுவில வயர் கிடக்கு, நட்டு கிடக்கு, ஏர்த் கிடக்கு. லைற் நூர்ந்தபடியால் சார்ஜிங் சரி எண்டு யாரும் சொன்னால் ஏற்க வேண்டாம், மீற்றர் வைச்சுக் காட்டச் சொல்லுங்கோ.

புதுப் பற்றறி போட்டுக் கொஞ்ச நாள் நல்லாத்தான் இருந்தது, இருக்கத்தானே செய்யும், கடையில நிறையச் சார்ஜ் ஏத்தித் தந்தது. பிறகு கார்த்திகை மழைக்குள்ள ஒரு நாள் பருத்தித்துறையில ஒரு செத்தவீட்டுக்குப் போட்டு அம்மாவோட திரும்பி வாறன். வல்லை வெளியைத் தெரிஞ்ச ஆக்களுக்குத் தெரியும், ரெண்டு பக்கமும் தண்ணி, ஒரு வீடு வாசல் கிடையாது, காத்து காரையே ஆட்டும். அம்மாவுக்குச் சத்தி வருகுது எண்டு ஓரமாய் நிப்பாட்டி எஞ்சினையும் நிப்பாட்டிப் போட்டன். திரும்பச் சாவியைத் திருப்ப டிக் டிக் எண்ட சத்தம் மட்டும்தான் வந்தது. இருட்டுப் பட்டிட்டுது, மழை, அம்மா பின் சீற்றில நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு "பிள்ளை, என்னவாம்?" எண்டு கேக்கிறா, எனக்குத் தொண்டையில இருந்து குரல் வரேல்லை. ஒரு லொறிக்காரத் தம்பி நிப்பாட்டி ஜம்பர் வயர் போட்டு ஸ்ராட் பண்ணித் தந்தான், காசும் வாங்கேல்லை, "அக்கா வீடு மட்டும் எஞ்சினை நிப்பாட்டாதேங்கோ, ஏசி போடாதேங்கோ" எண்டு சொல்லிப் போட்டுப் போனான். நல்லா இருக்க வேணும் அந்தப் பிள்ளை.

ஜம்பர் போடுற முறையை இதிலயே சொல்லிப் போடுறன். முதல் சிவப்பு வயரை ரெண்டு பற்றறியின்ர பொசிட்டிவிலும் கொழுவ வேணும், பிறகு கறுப்பை நல்ல பற்றறியின்ர நெகட்டிவில, கறுப்பின்ர மற்ற நுனியைச் செத்த பற்றறியில கொழுவாமல் எஞ்சின் இரும்பில பற்றறிக்குத் தள்ளிக் கொழுவுங்கோ. பற்றறியில இருந்து ஐதரசன் வாயு வரும், கடைசியாய்க் கொழுவேக்கை பொறி பறக்கும், ரெண்டும் ஒரு இடத்தில இருக்கக்கூடாது. அந்தத் தம்பி அப்பிடி எஞ்சினில கொழுவினதுதான் பிறகு எனக்கு விடையும் காட்டித் தந்தது.

அடுத்த நாள் திரும்பக் கராச். இந்தமுறை எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கப் பற்றறி நெகட்டிவைக் கழட்டிப் பாத்தினம், எஞ்சின் இழுத்து இழுத்து ஓடிச்சுது, "ஓல்ரனேற்றர் வீக்" எண்டு முடிவு. இதை உங்கட காரில தயவுசெய்து ஒராளையும் செய்ய விடாதேங்கோ. அப்பான்ர காலத்து ஒஸ்ரின் ஏ 40, மொறிஸ் மைனர் எல்லாம் ஓல்ரனேற்றருக்குப் பதிலாய் டைனமோ போட்ட காருகள், உள்ளுக்கை ஒரு எலெக்ரோனிக் சாமானும் இல்லை, அதுகளில இந்த ரெஸ்ற் ஓடியிருக்கும். இப்பத்தைக் காரில பற்றறியைக் கழட்டின உடனை ஓல்ரனேற்றரின்ர வோல்ற் ஒரு கணம் தாறுமாறாய் ஏறும், அதில எஞ்சின் கொம்பியூட்டரே எரிஞ்சு போகலாம், அதுக்குப் பிறகு கொழும்பில காருச் சாமான் கடைகள் நிறைஞ்ச பஞ்சிகாவத்தைக்கு ஆள் விட்டுத் தேட வேண்டியதுதான்.

ஓல்ரனேற்றரை மாத்திப் போட்டு மீற்றரைப் பற்றறியில வைச்சுக் காட்டிச்சினம், 13.6 எண்டு நிண்டது, "பாருங்கோ, சார்ஜ் ஏறுது." லைற்றுகள் ஒண்டும் போடாமல் எடுத்த கணக்கு அது. அதைவிடக் கவலை, கழட்டின பழைய ஓல்ரனேற்றர், காரோட யப்பானில இருந்து வந்த ஒரிஜினல் சாமான், பழைய சாமான் குடுத்தால்தான் இந்த விலை எண்டு அவையே எடுத்துக்கொண்டிட்டினம். அது பழுதே இல்லை எண்டு பிறகுதான் தெரிய வந்தது, எனக்கு இண்டைக்கும் அதை நினைச்சால் வயிறு எரியுது. எதை மாத்தினாலும் கழட்டினதைக் கையில தாங்கோ எண்டு வேலை தொடங்க முதலே சொல்லிப் போடுங்கோ.

பிறகும் அதே கதைதான். காலமையில சோம்பல் சத்தம். சம்பளக் காசு முழுக்கப் போட்டுது, அம்மாவுக்கு மருந்து வாங்க இவரிட்டைக் கேக்க வேண்டி வந்தது, ஒரு இரவு போட்டிக்கோவில காருக்குள்ளயே இருந்து அழுதன். அப்பதான் யோசிச்சன், பத்தாம் பதினோராம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு ஓமின் விதி படிப்பிக்கிற நான் ஏன் இதை நானே அளந்து பாக்கக்கூடாது எண்டு. இவரிட்டைச் சொல்ல "இஞ்சை பாரும், நீர் உதில கை வையாதையும், ஷொக் அடிக்கும்" எண்டார். 12 வோல்ற் ஷொக் அடிக்காது. பயப்பட வேண்டியது வேற: ஸ்பானர் பொசிட்டிவிலும் காரின்ர பொடியிலும் ஒரே நேரம் முட்டினால் ஸ்பானர் சிவக்கும், மோதிரமோ காப்போ முட்டினால் சதை வெந்துபோகும். தாலிக்கொடி, காப்பு, மோதிரம் எல்லாம் கழட்டி வைச்சிட்டுத்தான் தொடங்கினன். கழட்டேக்கை நெகட்டிவ் முதல், பூட்டேக்கை நெகட்டிவ் கடைசி. எஞ்சின் ஓடேக்கை தலைமயிரைக் கட்டுங்கோ, சோல், துப்பட்டா ஒண்டும் போடாதேங்கோ, பெல்ற்றில இழுபட்டால் யோசிக்கவும் நேரம் இராது.

மல்ரிமீற்றர் ஒண்டு 2,800 ரூபாய்க்கு வாங்கினன். முதல் நாள் இரவு முழுக்க நிண்ட காரின்ர பற்றறியை அளந்தன், 12.1. நல்லாச் சார்ஜ் ஏறின பற்றறி எண்டால் 12.6 காட்ட வேணும், 12.2 எண்டால் அரைவாசி, 11.9 எண்டால் கிட்டத்தட்ட முடிஞ்சுது. புதுப் பற்றறி அரைவாசிக்குக் கீழ கிடக்கு. அடுத்தது பற்றறியில ஏதும் இரவில களவாய் இழுக்குதோ எண்டு பாத்தன், சாவியை எடுத்துக் கதவெல்லாம் பூட்டி, நெகட்டிவைக் கழட்டி அதுக்கும் வயருக்கும் நடுவில மீற்றரை 10 அம்பியரில வைச்சு, அரை மணித்தியாலம் பொறுத்துப் பாக்க 0.03 அம்பியர். 0.05 மட்டும் பரவாயில்லை, அதால பிழை அங்கை இல்லை. கூட வந்தால் பியூசை ஒவ்வொண்டாய்ப் புடுங்கிப் பாருங்கோ, எதைப் புடுங்கக் குறையுதோ அந்தப் பக்கம்தான் ஆள். மீற்றர் அப்பிடிக் கிடக்கேக்கை காரை ஸ்ராட் பண்ணிப் போடாதேங்கோ, மீற்றர் எரிஞ்சிடும்.

இனித்தான் முக்கியமான அலுவல். எஞ்சினை ஸ்ராட் பண்ணி, ஹெட்லைற் பெரிசில, புளோவர் கடைசி நம்பரில, வைப்பர், பின் கண்ணாடிச் சூடு எல்லாத்தையும் போட்டன், வல்லை வெளியில எப்பிடி ஓடிச்சோ அப்பிடி. பற்றறியில வைச்சுப் பாக்க 12.9. ஓடிக்கொண்டிருக்கேக்கை 13.8 தொடக்கம் 14.5க்குள்ள நிக்க வேண்டிய சாமான். அதே நேரம் ஓல்ரனேற்றரின்ர பின்பக்கம் ரப்பர் மூடி போட்ட தடிச்ச வயர் வாற இடத்தில சிவப்பு முனையையும் ஓல்ரனேற்றரின்ர உடம்பில கறுப்பு முனையையும் வைக்க 14.3. கை நடுங்கிச்சுது எனக்கு. ஓல்ரனேற்றர் தன்ர வேலையை வடிவாச் செய்யுது, 1.4 வோல்ற் வழியில காணாமல் போகுது. எங்கை போகுது எண்டு பாக்கிறதும் சுகம்தான்: ஓல்ரனேற்றரின்ர அந்தத் தடிச்ச முனைக்கும் பற்றறிப் பொசிட்டிவுக்கும் நடுவில மீற்றரை வைச்சன், 0.1, நல்லது. ஓல்ரனேற்றர் உடம்புக்கும் பற்றறி நெகட்டிவுக்கும் நடுவில வைச்சன், 1.3. ரெண்டும் 0.2, மிஞ்சினால் 0.3க்குள்ள இருக்க வேணும். ஏர்த் பக்கம்தான் வியாதி.

கராச்சில ஏர்த்தையும் பாத்தவை, நான் பக்கத்தில நிண்டனான். மீற்றரைப் பீப் சத்தத்தில வைச்சு ரெண்டு நுனியையும் தொட, பீப் கேட்டுது, ஏர்த் ஓகே எண்டினம். அந்தப் பீப்பை இந்த அலுவலுக்கு நம்பக்கூடாது. கணக்குப் போட்டுப் பாருங்கோ, அவ்வளவு சாமானும் போட்டால் 40 அம்பியர் அளவு ஓடும், 1.3 வோல்ற்றை 40ஆல பிரிக்க 0.03 ஓம் அளவு வரும். சாதாரண மீற்றருக்கு 0.03 ஓமும் ஒண்டுதான் பூச்சியமும் ஒண்டுதான், பீப் அடிக்கத்தான் செய்யும். ஆனால் செல்ஃப் அடிக்கேக்கை நூறு அம்பியருக்கு மேல இழுக்கும், அப்ப அந்த 0.03 ஓமே 3 வோல்ற்றை விழுங்கிப் போடும், பற்றறி எவ்வளவு புதுசாய் இருந்தும் மோட்டருக்குப் போய்ச் சேராது. வல்லை வெளியில டிக் டிக் எண்டதின்ர காரணம் அதுதான். வயரைச் சும்மா வைச்சு அளந்தால் பிழை தெரியாது, கரண்ட் ஓடேக்கை எவ்வளவு வோல்ற் விழுது எண்டு அளந்தால்தான் தெரியும்.

உறுதியாய்ப் பாக்கிறதுக்கு அந்த லொறித் தம்பி செய்ததைச் செய்தன். பக்கத்து வீட்டில ஜம்பர் வயர் வாங்கி, கறுப்பு வயரை மட்டும் பற்றறி நெகட்டிவில ஒரு நுனி, எஞ்சின் இரும்பில மற்ற நுனி. கொழுவின உடனை மீற்றர் 12.9இல இருந்து 14.1க்கு ஏறிச்சுது, ஹெட்லைற் சுவரில பளிச்செண்டு அடிச்சுது. ஒரு சதம் செலவில்லாத ரெஸ்ற் இது. பற்றறி வாங்க முதல், ஓல்ரனேற்றர் வாங்க முதல் இதை ஒருக்காச் செய்து பாருங்கோ எண்டு நான் காணுற ஆக்களுக்கெல்லாம் இப்ப சொல்லித் திரியுறன்.

என்ர காரில பற்றறி நெகட்டிவில இருந்து ஒரு கிளை பொடிக்கும் ஒரு கிளை கியர்பொக்ஸ் பக்கமும் போகுது. கியர்பொக்ஸ் பக்கத்து நுனி மேலால பாக்க ஒரு குறையும் தெரியாது, நட்டும் இறுக்கம்தான். எஞ்சினை நிப்பாட்டி, நெகட்டிவைக் கழட்டி, அந்த நட்டைக் கழட்டி வயரைக் கையில எடுத்து வளைச்சுப் பாத்தன், நுனிக்கிட்ட கறுப்பு உறைக்குள்ள நறநறவெண்டு மணல் நெரிபடுகிற சத்தம் மாதிரிக் கேட்டுது. பிளேட்டால உறையைக் கீற உள்ளுக்கிருந்து பச்சைத் தூள் கொட்டிச்சுது. செம்புக் கம்பிகளில பாதி அறுந்து போய், மிச்சம் கறுத்துக் கிடக்கு. வருசக்கணக்காய் உப்புக்காத்து உறைக்குள்ளால போய்த் திண்டிருக்கு. கடலுக்குக் கிட்ட இருக்கிறவை, கொழும்புத்துறை, குருநகர், நாவாந்துறை, தீவுப்பகுதி ஆக்கள், உங்கட காரில இந்த வயரைக் கட்டாயம் ஒருக்கா வளைச்சுப் பாருங்கோ.

பழைய வயரைக் கொண்டுபோய் ஸ்ரான்லி வீதியில ஒரு கடையில அதே நீளத்துக்கு, அதைவிடத் தடிச்ச செம்பு வயர் எடுத்து, ரெண்டு நுனிக்கும் நட்டுப் பூட்டுற ஓட்டையுள்ள காது வைச்சு மெசினால நசுக்கித் தரச் சொன்னன். சுத்தியலால அடிச்சு நசுக்கினால் வாங்காதேங்கோ, கொஞ்ச நாளில திரும்ப இதே வியாதி வரும். கியர்பொக்ஸில வயர் இருக்கிற இடத்தை சான்ட் பேப்பரால வெள்ளி நிறம் தெரியுமட்டும் உரஞ்சி, பூட்டி இறுக்கின பிறகு மேலால கிறீஸ் பூசினன், முதலே பூசினால் உலோகமும் உலோகமும் வடிவாய் முட்டாது. பற்றறி முனைகளில வெள்ளையாய்ப் பூத்திருந்ததுக்குச் சுடுதண்ணியில அப்பச்சோடா கரைச்சு ஊத்திப் பழைய பல்லு பிரஷ்ஷால தேய்ச்சன், அந்தத் தண்ணி பற்றறி மூடிக்குள்ள போகாமல் பாத்துக்கொள்ளுங்கோ. பூட்டி முடிச்சு, எல்லாச் சாமானும் போட்டு அளக்க 14.1. ஏர்த் பக்கம் 0.05. அம்மா வாசல்படியில நிண்டு பாத்துக்கொண்டிருந்தவா, "சரி வந்திட்டுதோ பிள்ளை?" எண்டா, நான் தலையை மட்டும் ஆட்டினன்.

உங்கட காரில கணக்கு வேற மாதிரி வந்தால் பாக்க வேண்டியதும் வேற. ஓல்ரனேற்றரிலயே 13க்குக் கீழ எண்டால் முதல் பெல்ற்றைப் பாருங்கோ, நடுவில பெருவிரலால அமத்த ஒரு சென்ரிமீற்றர் அளவு இறங்கலாம், அதைவிட லூஸ் எண்டால் லைற் போடேக்கை கீச்செண்டு கத்தும். சாவியைத் திருப்பேக்கை பற்றறி லைற் எரியவே இல்லை எண்டால் பியூசைப் பாருங்கோ, சில பழைய டொயோட்டாவில கேஜ் (GAUGE) எண்டு எழுதின 10 அம்பியர் பியூஸ் போனால் ஓல்ரனேற்றர் வேலை செய்யாமல் போகலாம், முழு ஓல்ரனேற்றர் வாங்கத் தேவையில்லை. ஓல்ரனேற்றருக்குள்ள இருக்கிற காபன் பிரஷ் தேய்ஞ்சாலும் சார்ஜ் ஏறாது, அதைத் தனியாய் மாத்தலாம், டொயோட்டாவில புதுசில 10.5 மில்லிமீற்றர் வெளியில நிக்கும், 1.5க்கு வந்தால் மாத்த வேணும். மீற்றரை ஏசி, அதாவது ஆடலோட்ட, வோல்ற்றில வைச்சுப் பற்றறியில அளக்க அரை வோல்ற்றுக்கு மேல காட்டினால் ஓல்ரனேற்றருக்குள்ள இருக்கிற டயோட் போயிருக்கு, அப்ப கராச்சுக்குத்தான் போக வேணும். எஞ்சின் ஓடேக்கை 15க்கு மேல காட்டினால் வோல்ற்றைக் கட்டுப்படுத்திற ரெகுலேற்றர் பழுது, அந்தக் காரை ஓடாதேங்கோ, பற்றறி கொதிச்சுப் போகும்.

ஒண்டு மட்டும் எனக்குத் திருப்பிக் கிடைக்காது. அரைச் சார்ஜில கனநாள் கிடந்தபடியால் அந்த 34,000 ரூபாப் பற்றறி கொஞ்சம் பழுதாப் போட்டுது, மெதுவாய் ஒரு இரவு முழுக்கச் சார்ஜரில போட்டும் காலமையில 12.4க்கு மேல நிக்குதில்லை. மூடி கழட்டிற பற்றறி எண்டபடியால் தண்ணி குறைய ஊத்துறன், அதுக்குக் கடையில வாங்கிற டிஸ்ரில் வோட்டர் மட்டும்தான், எங்கட கிணத்துத் தண்ணி சுண்ணாம்புக் கல்லுத் தண்ணி, கேத்தலுக்குள்ள வெள்ளையாய்ப் படியுறதை எல்லாரும் கண்டிருப்பியள், அதைப் பற்றறிக்குள்ள ஒருக்காலும் விடாதேங்கோ. மீற்றரை காருக்குள்ளயே வைச்சிருக்கிறன், ஜம்பர் வயரும் சொந்தமாய் வாங்கிப் போட்டன். வாற மாரிக்கு முதல் ஏர்த்தை இன்னொருக்கா அளக்க வேணும்.